கண்ணை மூடிக்கொண்டு கார் பாருங்கள்



இன்றைய தலைப்பைச் சொன்னதும் இந்தக் கூட்டத்தின் தலைவர் சற்றுத் தயங்கினார். "எஞ்சினைப் பற்றிப் பேசுங்கள், மைலேஜைப் பற்றிப் பேசுங்கள். காருக்குள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அவர் கேட்ட ஆளைப் பாருங்கள். முப்பது வருடத்துக்கு மேல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் மோல்டு அடித்தவன் நான். டேஷ்போர்டு, கதவுப் பலகை, ஏசி காற்று வரும் ஜன்னல் என்று காருக்குள் நீங்கள் தொடுகிற அத்தனையும் ஏதோ ஒரு மோல்டிலிருந்து பிறந்தவை. ஒரு மணி நேரம் போதாது என்றுதான் நான் பயந்தேன்.

உங்களையே கேட்கிறேன். உங்கள் காரின் எஞ்சினை நீங்கள் கடைசியாகப் பார்த்தது எப்போது? மெக்கானிக் பானெட்டைத் தூக்கிக் காட்டியபோது பார்த்திருப்பீர்கள். வெளியழகை யார் பார்க்கிறார்கள்? தெருவில் போகிறவர் பார்க்கிறார். நீங்கள் தொடுவது உள்ளே. சாய்வது உள்ளே. முகர்வது உள்ளே. பத்து வருடம் குடியிருக்கப் போவதும் உள்ளேதான். வீடு வாங்கப் போனால் சமையலறைக் குழாயைத் திறந்து பார்க்கிறோம். காரை மட்டும் ஏன் தெருவில் நின்று பார்த்தே முடிவு செய்கிறோம்?

இல்லை, உள்ளேயும் பார்க்கிறோம் என்பீர்கள். எப்படிப் பார்க்கிறோம் என்பதைச் சொல்கிறேன். ஷோரூமுக்குக் குடும்பத்தோடு போவோம். கூடவே "கார் தெரிந்த" மாமா ஒருவர் வருவார். கதவைத் திறந்ததும் கைமுட்டியை மடக்கி டேஷ்போர்டை ஒரு தட்டுத் தட்டுவார். டொக் டொக் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்: "மட்டமான பிளாஸ்டிக்." அமுங்கிக் கொடுத்தால் தலையை ஆட்டுவார்: "உசத்தி." தீர்ப்பு முடிந்தது! மண்பானையைத் தட்டினால் விரிசல் தெரியும். தேங்காயைத் தட்டினால் முற்றலா இளசா என்று தெரியும். டேஷ்போர்டைத் தட்டினால் என்ன தெரியும்? பின்னால் நுரை இருக்கிறதா, காற்று இருக்கிறதா என்பது தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

இந்த மாமா நம் ஊரில் மட்டும் இல்லை. உலகம் முழுக்க இருக்கிறார். பத்திரிகைகளில் கார் விமர்சனம் எழுதுகிறவர்களில் பலர் இந்த மாமாதான். அவருடைய தீர்ப்பின் மேல் அப்பீல் செய்யத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

அந்த மென்மை எப்படி வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். கெட்டியான பிளாஸ்டிக் எலும்பு ஒன்று இருக்கும். சூடான மோல்டில் பிளாஸ்டிக் தூளை உருக்கி, மெல்லிய தோல் ஒன்றைத் தனியாக உரித்தெடுப்பார்கள். தோலுக்கும் எலும்புக்கும் நடுவே நுரை ஊற்றுவார்கள். எலும்பு, சதை, தோல் என்று நம் உடம்பைப் போலவே மூன்று அடுக்கு. செலவு அதிகம், வேலையும் அதிகம். 1997இல் வந்த நான்காம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் இந்த மென்மையை நடுத்தர விலைக் காருக்குள் கொண்டுவந்து பேர் வாங்கியது. அதில் கூரையோரக் கைப்பிடியை இழுத்து விட்டால் படக்கென்று அடிக்காது; தானாக மெல்ல மடங்கிப் போகும். ஒரு கைப்பிடிக்குள் இவ்வளவு மரியாதையா என்று அன்று நானும் வியந்தவன்தான். அதை இன்றும் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் செலவு செய்ய முடியாதவர்கள் என்ன செய்தார்கள்? கெட்டிப் பிளாஸ்டிக்கின் மேல் ரப்பர் போன்ற பெயின்ட்டை அடித்தார்கள். ஷோரூமில் தொட்டால் மெத்தென்று பட்டுப்போல இருக்கும். நாலைந்து வெயில் காலம், நாலைந்து மழைக்காலம் போகட்டும். வெப்பமும் ஈரமும் சேர்ந்து அந்தப் பெயின்ட்டைச் சிதைத்துவிடும். தொட்டால் பிசுபிசு என்று கையோடு வரும். பலாப்பழம் உரித்த கை மாதிரி! விலை உயர்ந்த ஐரோப்பியக் கார்களிலேயே இது நடந்திருக்கிறது. அன்றைக்கு "உசத்தி" என்று தலையாட்டிய மாமா இப்போது எங்கே? வேறு ஷோரூமில் வேறு டேஷ்போர்டைத் தட்டிக்கொண்டிருப்பார்.

அப்படியானால் கெட்டிப் பிளாஸ்டிக்கே நல்லதா? அதையும் நான் சொல்லவில்லை. கெட்டியோ மென்மையோ, அந்த இடத்துக்கு அது பொருத்தமா என்றுதான் பார்க்க வேண்டும். முழங்கை படும் இடம் மெத்தென்று இருக்கட்டும். முழங்கால் உரசும் இடம் உறுத்தாமல் இருக்கட்டும். யாருமே தொடாத கண்ணாடியோரத்தில் மெத்தை எதற்கு?

இதற்கு நான் என்றும் சொல்கிற உதாரணம் இத்தாலிக் கார் ஒன்று. 1980இல் வந்த ஃபியட் பாண்டா. வடிவமைத்தவர் ஜியோர்ஜெட்டோ ஜுஜாரோ. மலிவான கார், மலிவு என்பதை மறைக்கவே இல்லை. டேஷ்போர்டு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. குறுக்கே ஒரு கம்பி, அதில் தொட்டில் கட்டியதுபோல நீளமான துணிப் பை. சாவி, வரைபடம், ரொட்டித்துண்டு, குழந்தையின் கிலுகிலுப்பை எதை வேண்டுமானாலும் போடலாம். சாம்பல் கிண்ணத்தை அந்தக் கம்பியிலேயே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தள்ளிக்கொள்ளலாம். சீட் என்பது குழாய்ச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி. உறையைக் கழற்றித் துவைத்துக் காயப் போடலாம். மாமா தட்டிப் பார்க்க அதில் ஒன்றுமே இல்லை! ஆனாலும் அதை நான் உயர்ந்த உள்வேலை என்பேன். ஏன்? ஒவ்வொரு பொருளும் தான் எதற்காக இருக்கிறது என்பதை அறிந்திருந்தது.

அதற்கும் இருபது ஆண்டுக்கு முன்பே, 1959இல், இங்கிலாந்தில் அலெக் இஸ்ஸிகோனிஸ் வடிவமைத்த மினி வந்தது. பத்தடி நீளக் கார். கண்ணாடியைக் கதவுக்குள் இறக்கினால் கதவின் வயிறு முழுவதும் கண்ணாடிக்கே போய்விடும். அவர் கண்ணாடியைப் பக்கவாட்டில் நகரும்படி வைத்தார். கதவின் வயிறு காலியானது. அதை அப்படியே பையாக்கிவிட்டார். இன்று உங்கள் கார்க் கதவில் தண்ணீர் பாட்டில் வைக்க இடம் இருக்கிறதே, அதைப் பார்க்கும்போது அந்த மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். இது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாளை காலை உங்கள் டேஷ்போர்டை உற்றுப் பாருங்கள். அதில் மாட்டுத்தோல் போல வரி ஓடும். பிளாஸ்டிக்குக்கு எதற்கய்யா மாட்டுத்தோல்? போலி வேஷமா? வேஷமும் உண்டு. ஆனால் வேலையும் உண்டு. வழவழப்பான பிளாஸ்டிக்கில் நகம் பட்டாலே கீறல் தெரியும். வரி அதை மறைக்கும். உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள் ஓடி வந்து சேரும் இடத்தில் கோடு விழும். பின்பக்கம் தாங்கு விலா இருக்கும் இடத்தில் முன்பக்கம் லேசாகக் குழி விழும். அவற்றையும் வரி மறைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெயில் பட்டுப் பளீரென்று கண்ணில் அடிக்காமல் வெளிச்சத்தைச் சிதறடிக்கும்.

அந்த வரி எப்படி வருகிறது? இரும்பு மோல்டில் அமிலத்தால் அரித்து எடுக்கிறோம். இங்கேதான் சூட்சுமம். வரி எவ்வளவு ஆழமோ அவ்வளவு அந்தச் சுவர் சாய்ந்திருக்க வேண்டும். செங்குத்தான சுவரில் ஆழமாக வரி போட்டால், மோல்டு திறக்கும்போது பிளாஸ்டிக் உரசிக்கொண்டு வரும். வரியெல்லாம் இழுபட்டு வெள்ளை வெள்ளையாகிவிடும். இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. ஒரு கதவுப் பலகைக்கு, வரைந்தவர் அழகுக்காகச் சுவரை நிமிர்த்திக் கேட்டார். நானும் இளரத்தம், முடியும் என்று தலையாட்டிவிட்டேன். முதல் நூறு பீஸ் குப்பைக்குப் போயிற்று. வரியை வழித்து, மறுபடி பாலிஷ் போட்டு, மறுபடி அரித்து, மூன்று வாரம் பட்டறையில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து எந்தக் காருக்குள் ஏறினாலும் என் விரல் தானாகக் கதவுப் பலகையின் ஓரத்துக்குத்தான் போகும். நடுவில் எல்லாரும் நன்றாகத்தான் செய்வார்கள். ஓரத்திலும் மூலையிலும் வரி தேயாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தட்டுவதைவிட அது பத்து மடங்கு உண்மை பேசும்.

இன்னொரு சோதனை சொல்கிறேன். இதை நம் தாய்மார்களிடமிருந்துதான் கற்றேன். புடவைக் கடையில் ஜாக்கெட் துணி எடுக்கும்போது என்ன செய்கிறீர்கள்? புடவையையும் துணியையும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகிறீர்கள். கடை விளக்கில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு சிவப்பும் வெயிலில் அக்கா தங்கைகூட இல்லை என்று தெரிந்துவிடும். காருக்குள்ளும் அதே கதைதான். டேஷ்போர்டை ஒருவர் செய்கிறார், கதவுப் பலகையை இன்னொருவர் செய்கிறார், கூரையைத் தாங்கும் தூணின் உறையை மூன்றாமவர் செய்கிறார். மூன்றும் கறுப்பு. ஆனால் ஒன்று சாணை பிடித்த கறுப்பு, ஒன்று சாம்பல் பூத்த கறுப்பு, ஒன்று எண்ணெய் தடவிய கறுப்பு! இவற்றை ஒரே கறுப்பாகக் கொண்டுவருவதுதான் பெரிய வேலை. ஷோரூம் விளக்கு இதைச் சொல்லாது. காரை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். நடுப்பகலில் எடுக்கச் சொல்லுங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இணைப்பு இடைவெளிகளையும் அப்போதே பார்த்துவிடலாம். இடைவெளி சிறிதா பெரிதா என்பதைவிட, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே சீராக இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

நடுப்பகல் என்றதும் நிறம் நினைவுக்கு வருகிறது. நம் நாட்டில் பலருக்கு உள்ளே சந்தன நிறம்தான் பிடிக்கும். பளிச்சென்று, இடம் பெரிதாகத் தெரியும். ஆனால் அந்தக் கார்களில்கூட டேஷ்போர்டின் மேல்பாகத்தை மட்டும் பெரும்பாலும் கறுப்பாக வைத்திருப்பார்கள். கஞ்சத்தனமா? இல்லை. மேல்பாகம் வெளிர் நிறமாக இருந்தால் அதன் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து சாலையை மறைக்கும். கண்ணாடிக்குக் கீழே வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள், புரியும். அழகு கேட்ட இடத்தில் கண் பார்வை குறுக்கே வந்து நின்றது, அழகு வழிவிட்டது. வழிவிட வேண்டிய இடம் தெரிவதும் வடிவமைப்புதானே?

அன்பர்களே! இனி சொல்லப்போவதுதான் என் பேச்சின் நடுக்கூறு. இன்று ஷோரூமுக்குப் போனால் தட்டுவதற்குக்கூட மாமாவுக்கு நேரமில்லை. கண்ணெல்லாம் திரையில். பத்து இஞ்ச், பன்னிரண்டு இஞ்ச், பதினைந்து இஞ்ச்! 2017இல் வந்த டெஸ்லா மாடல் 3-இல் டேஷ்போர்டு முழுவதும் வெறுமை. நடுவில் ஒரே ஒரு திரை. அதன் பிறகு உலகமே அந்தப் பாதையில் ஓடியது. பொத்தான் போயிற்று, குமிழ் போயிற்று.

கேட்கிறேன்: குமிழைத் திருக உங்களுக்குக் கண் வேண்டுமா? வேண்டாம். இருட்டில் எழுந்து வீட்டு ஸ்விட்சைப் போடுகிறீர்களே, கை தானாகப் போகிறதே! கைக்கு அந்த அறிவு உண்டு. திரையில் கைக்கு என்ன தெரியும்? எல்லா இடமும் ஒரே கண்ணாடி. தொட வேண்டுமானால் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டுமானால் சாலையை விட வேண்டும்.

வெறும் கிழவன் புலம்பல் என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். 2022இல் சுவீடனில் 'வி பீலேகாரே' என்ற கார்ப் பத்திரிகை ஒரு சோதனை நடத்தியது. பதினொரு புதிய கார்கள். கூடவே பொத்தான்கள் நிறைந்த ஒரு பழைய வால்வோ, 2005ஆம் ஆண்டு வண்டி. விமான ஓடுதளத்தில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம். ஓட்டிக்கொண்டே வெப்பத்தைக் கூட்ட வேண்டும், ரேடியோவை மாற்ற வேண்டும் என்பது போன்ற நான்கே வேலை. பழைய வால்வோவில் பத்து விநாடியில் முடிந்தது. அதற்குள் கார் 306 மீட்டர் போயிருந்தது. கடைசி இடம் பிடித்த புதிய எம்.ஜி. மார்வெல் ஆர் காரில் அதே வேலைக்கு 44.9 விநாடி ஆயிற்று. அதற்குள் கார் 1372 மீட்டர் போயிருந்தது. ஒன்றே கால் கிலோமீட்டருக்கும் மேலே! நம் சாலையில் அந்தத் தூரத்துக்குள் எத்தனை ஸ்பீடு பிரேக்கர், எத்தனை மாடு, எத்தனை பள்ளிக்கூடம்?

ஐரோப்பாவின் மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப் 2026 முதல் இதையும் மதிப்பெண்ணில் சேர்க்கிறது. திரும்பும் விளக்கு, அபாய விளக்கு, ஹார்ன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குக் கையால் தொட்டறியும் தனிப் பொத்தான் இருக்க வேண்டும் என்கிறது. ஹார்னைத் தேட வேண்டிய நிலை வந்துவிட்டது என்பதை நம் ஊர் லாரி டிரைவரிடம் சொன்னால் நம்புவாரா?

நல்ல பொத்தான் எப்படி இருக்கும் என்பதற்கு பென்ஸ் காரின் கதவைப் பாருங்கள். சீட்டை நகர்த்தும் ஸ்விட்ச் சீட்டின் வடிவத்திலேயே இருக்கும். சாய்மானத்தைச் சாய்க்க வேண்டுமா? அந்தக் குட்டிச் சாய்மானத்தைச் சாய்த்தால் போதும். உட்காரும் பாகத்தை உயர்த்த வேண்டுமா? குட்டிச் சீட்டைத் தூக்கினால் போதும். படிக்க வேண்டிய எழுத்தில்லை, கற்க வேண்டிய பாடமில்லை. டொனால்டு நார்மன் 1988இல் அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பு பற்றி எழுதிய புத்தகத்தில் இதைப் பாராட்டியிருக்கிறார். ஆறு வயதுப் பேரன் ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டு என்னை முன்னும் பின்னும் ஆட்டிவைத்ததை நானே அனுபவித்திருக்கிறேன்.

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. 1965இல் அமெரிக்காவில் ரால்ஃப் நாடர் கார் ஆபத்துகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் 'இரண்டாவது மோதல்' என்று ஒன்றைப் பேசினார். முதல் மோதல், கார் எதன் மீதோ மோதுவது. இரண்டாவது, உள்ளே இருக்கும் மனிதர் காரின் உட்புறத்தின் மீது மோதுவது. உயிரைக் குடிப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். பளபளத்த குமிழ்களும் கூரான விளிம்புகளும் அழகுக்காக வைக்கப்பட்டு, நெற்றியிலும் மார்பிலும் குத்தின. சுவீடனின் சாப் நிறுவனம் சாவித் துவாரத்தை ஸ்டீயரிங் பக்கமிருந்து எடுத்து இரண்டு சீட்டுக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தது. மோதலில் முழங்கால் சாவியில் இடித்துச் சிதையக்கூடாது என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. ஒரு சாவியை எங்கே வைப்பது என்பதில்கூட ஒருவரின் முழங்கால் இருக்கிறது!

நாம் என்ன செய்கிறோம்? டேஷ்போர்டின் மேல் பிள்ளையாரை ஒட்டுகிறோம். எனக்கும் பக்தி உண்டு, என் காரிலும் சாமி உண்டு. ஆனால் எங்கே ஒட்டுகிறோம்? முன்சீட்டில் இருப்பவருக்கான காற்றுப்பை டேஷ்போர்டின் மூடிக்கு அடியில்தான் மடங்கிக் கிடக்கிறது. மோதினால் கண் இமைப்பதற்குள் மூடியைப் பிளந்துகொண்டு வெளியே வரும். மேலே ஒட்டியிருக்கும் பித்தளைச் சிலை எங்கே போகும்? முன்சீட்டில் இருப்பது யார்? அதேபோல, பக்கவாட்டுக் காற்றுப்பை சீட்டுக்குள்ளிருந்து வருகிற கார்களில், வாங்கிய அன்றே கெட்டி ரெக்சின் உறை போட்டு இறுக்கித் தைத்துவிடுகிறோம். ஓட்டுநருக்கான காற்றுப்பையே இந்தியாவில் 2019 ஜூலையில்தான் கட்டாயமாயிற்று. அவ்வளவு காலம் கழித்து வந்த பாதுகாப்பை நாமே தையல் போட்டு மூடலாமா?

கடைசியாக ஒரு காரைச் சொல்லி முடிக்கிறேன். 1998இல் நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. உயரமான கூரை. என்னய்யா இது, பெட்டி மாதிரி என்று கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். என் அம்மாவை அதில் ஏற்றிய அன்று கேலி நின்றது. எங்கள் தொழிலில் 'ஹெச் பாயின்ட்' என்று ஒரு சொல் உண்டு. உட்கார்ந்தவரின் இடுப்பு மூட்டு நிற்கும் இடம். தாழ்வான கார் என்றால் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்க வேண்டும். ஜீப் என்றால் தாவி ஏற வேண்டும். இதில் அம்மா ஒன்பது கஜம் புடவையோடு, திண்ணையில் உட்காருவதுபோல் உட்கார்ந்தார். காலை உள்ளே எடுத்து வைத்தார். கதவைத் தானே சாத்திக்கொண்டார். டேஷ்போர்டு கெட்டிப் பிளாஸ்டிக்தான். தட்டினால் டொக் டொக் என்றுதான் கேட்கும். அம்மா அதைத் தட்டவில்லை.

ஆகவே அடுத்த முறை கார் பார்க்கப் போகும்போது உங்கள் வீட்டுப் பெரியவரை அழைத்துப் போங்கள். மாமா வீட்டிலேயே இருக்கட்டும். நீங்கள் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஹார்ன், வைப்பர், ஏசி, அபாய விளக்கு நான்கையும் கையால் மட்டும் தேடுங்கள். கண்ணைத் திறக்காமல் நான்கும் கிடைத்தால் விலை பேசுங்கள். கிடைக்காவிட்டால் காபி கொடுத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.